அடிபம்புச் சின்னத்துக்கு ஒரு ராப்

சின்னப்பையன் மூன்றாவது சரணத்துக்கு வருவதற்குள் நூம்பல் பிள்ளையார் கோயில் தெருவில் ஏழு வீட்டுச் சன்னல்கள் சாத்திக்கொண்டன. எட்டாவது வீட்டில் சன்னலே கிடையாது. அந்தப் புண்ணியவான் மட்டும் முழுப் பாட்டையும் கேட்டார்.

"லைட்டு இல்லாத நைட்டு, பைப்பு இல்லாத சைட்டு, அடிபம்புக்கு ஓட்டு, போட்டா எல்லாம் ரைட்டு!"

தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தல். வாக்குப்பதிவுக்கு நான்கே நாள். அடிபம்புச் சின்னத்தில் நின்ற உலகநாதன், ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதிர்ந்து பேசி அறியாதவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயித்துவிடுவார் என்று ஊரே சொன்னது. அந்த மனிதருக்காகத்தான் ஆட்டோ கூரையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சின்னப்பையன் சந்து சந்தாக அலறினான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுவது அவன் பிழைப்பு. ராப் பாடகன் என்பது அவனாகச் சொல்லிக்கொள்வது. நாலு வருஷக் கலை வாழ்க்கையில் ஏறியது இரண்டே மேடை. மாங்காட்டுக் காதுகுத்தில் ஊசியைக் காட்டும் முன்பே குழந்தை வீறிட்டது. பூந்தமல்லி ரிசப்ஷனில் மைக்கைப் பிடுங்கியது மாப்பிள்ளையே. மனைவி வடிவு கெடு வைத்துவிட்டாள். ஒருத்தராவது பேர் சொல்லிக் கேட்டு வாசலுக்கு வரட்டும், இல்லாவிட்டால் டேப்ரெக்கார்டரும் கூலிங் கிளாஸும் பரணுக்குப் போக வேண்டியது, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்க வேண்டியது.

அந்த வாரமே ஆட்டோக்கார ராமன் வந்து நின்றான்.

"ராப் பாடற சின்னப்பையன் ஊடு இதானே?"

உலகநாதன்மேல் பிரியமுள்ள ஒரு பெரிய மனிதர் ஆட்டோ, மைக், பாட்டு எல்லாம் அன்பளிப்பாகத் தருகிறாராம். பேர் வெளியே தெரியக் கூடாதாம். உலகநாதனுக்கு வேண்டாம் என்று சொல்லி வழக்கமில்லை, தலையாட்டிவிட்டார். வடிவு மட்டும் கெடுவைத் திருத்தினாள்.

"அவுரு ஜெயிச்சா நீ பாடகன். தோத்தா ஓவர்டைமு."

சன்னல் சாத்திய அன்று மாலை உலகநாதன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். ஒரு வார்த்தையும் விளங்கவில்லையாம், கொஞ்சம் நிறுத்திப் பாட முடியுமா என்றார். சின்னப்பையன் நிறுத்திப் பாடினான். விளங்கிவிட்டது. மறுநாள் காலை நாற்பது பெண்கள் குடத்தோடு உலகநாதன் வாசலில் நின்று, பைப்பு எங்கே என்று கேட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வார்த்தை இருந்தால்தானே வம்பு? சின்னப்பையன் வார்த்தையை எடுத்துவிட்டு வாயாலேயே தாளம் போட்டான். 'டிஷ்க்கு டிஷ்க்கு' என்று ஆரம்பித்ததும் வேலப்பன்சாவடி நாய்கள் மொத்தமும் ஆட்டோவைத் துரத்தின. ஓட்டுக் கேட்டுப் பின்னால் நடந்து வந்த உலகநாதனுக்கு வேட்டி கிழிந்தது.

கடைசி நாள். நிஜ மேளம் ஒன்று இருந்தால் எடுபடும் என்று அவன் புலம்பியபோது, ராமன் காதைத் தீட்டினான்.

"பக்கத்துத் தெருவுல அடிக்கிறாங்க பாரு அண்ணாத்தே. உட்டுடாத."

ராமன் ஆட்டோவை அந்தத் தெருவுக்குத் திருப்ப, சின்னப்பையன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அந்த அடியும் அவன் பாட்டும் ஒட்டிக்கொண்டதுபோல் வாழ்நாளில் எதுவும் ஒட்டியதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. "போட்டா எல்லாம் ரைட்டு!" என்று முடித்துக் கண்ணைத் திறந்தான். எதிரே பாடை. அதற்குத் தோள் கொடுக்க முதல் ஆளாக நின்றவர் உலகநாதன். செத்துப்போனது அவருடைய சொந்தச் சித்தப்பா.

ஊரே செருப்பைக் கழற்றியது. ராமன் ஒருவன்தான் முகம் சுளிக்காமல், சிரித்தபடியே ஆட்டோவை ரிவர்ஸ் எடுத்தான்.

பதினோரு ஓட்டில் உலகநாதன் தோற்றார். ஜெயித்தவர் செங்கல் சூளை வேம்புலி, ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காதவர். சின்னப்பையன் யாரும் சொல்லாமலே டேப்ரெக்கார்டரைப் பரணில் ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து அழுதான். ஒரு நல்ல மனிதரைக் கெடுத்துவிட்டோமே என்ற அழுகை பாதி, ஓவர்டைம் பாதி.

வாசலில் வெடிச்சத்தம். வெற்றி ஊர்வலம் அவன் வீட்டெதிரில் நின்றது. முன்னால் வந்த ராமனின் ஆட்டோவிலிருந்து வேம்புலி இறங்கினார்.

"ராப் பாடகர் சின்னப்பையன் எங்க?"

அடி விழப்போகிறது என்று அவன் வடிவுக்குப் பின்னால் ஒளிந்தான். வேம்புலியோ தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டுக் கட்டிப்பிடித்தார். பேர் சொல்லிக் கேட்டு வந்துவிட்டார்கள். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரத்தித் தட்டு எடுக்க உள்ளே ஓடினாள்.

சின்னப்பையன் மாலையைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, நான் உங்களுக்கு எதிர் பார்ட்டிக்கில்ல பாடினேன்?"

ராமன் ஆட்டோவிலிருந்தே சொன்னான்: "உன்ன இட்டுகினு வரச்சொல்லி என்னை அனுப்பினதே வேம்புலி அண்ணன்தான் அண்ணாத்தே. அடுத்த வாட்டியும் அவர எதுத்து எவன் நிக்கிறானோ, அவனுக்கு நீதான் பாடணுமாம்."