விமானத்துக்கு விபூதி

"சார், இந்த வெள்ளை என்ன?" இறக்கையின் மூட்டில் டார்ச் அடித்தபடி கேட்டார் ஓஸ்வால்ட்.

சுந்தரேசனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பழைய இரண்டு சீட்டு விமானம் ஒன்றை வாங்குவதற்கு முன் பரிசோதித்துச் சொல்ல, இந்த மெக்கானிக்கை லிங்கராஜபுரம் போய் அவரே காரில் அழைத்து வந்திருந்தார். அதற்குள் ஜக்கூர் விமானத் தளத்து ஹேங்கரில் மனைவி ஜெயலக்ஷ்மி பூஜையை முடித்துவிட்டுக் காபி வாங்கப் போயிருந்தாள். விமானத்தின் மூக்கில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

"விபூதி. வீட்டுக்காரி வேலை."

"நான் பயந்துட்டேன் சார். அலுமினியம் அரிச்சா இப்பிடித்தான் வெள்ளையாப் பொடி விடும். கொஞ்சம் சுரண்டிப் பாத்துரட்டா?"

"வேணாம்பா. ரிட்டயர் ஆனதுலேர்ந்து கெஞ்சி, இப்பத்தான் பறக்கலாம்னு தலையாட்டியிருக்கா. பூஜை போட்டதைச் சுரண்டினா மனசு நொந்துடும்."

ஓஸ்வால்ட் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அடுத்தவர் சாமி என்றால் கூடுதல் மரியாதை. சுரண்டாமல் வாயால் ஊதினார். பொடி பறந்தது. அடியிலிருந்து இன்னும் கொட்டியது.

"மேடம் கை தாராளம் சார்."

இறக்கையின் அடியிலிருந்த சோதனை மூடியைக் கழற்றினார். உள்ளேயும் வெள்ளை.

"உள்ளயுமா?"

"சந்து வழியாப் போயிருக்கும். ஆயுத பூஜைக்கு ஃப்ரிட்ஜுக்குள்ளயே பூசுறவ அவ."

அதுவரை மூலையில் நகம் கடித்துக்கொண்டிருந்த விமானச் சொந்தக்காரர் ஸ்ரீகண்டன் ஓடிவந்தார். இறக்கையைப் பயபக்தியோடு தொட்டு, நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டார்.

"இப்படிப்பட்ட மகராசி வீட்டுக்குத்தான் சார் இது போய்ச் சேரணும்."

சுந்தரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டார்.

"இன்ஜின் நல்லா இருக்கு," என்று கையைத் துடைத்தார் ஓஸ்வால்ட். "ரெக்கையும், விபூதியத் தள்ளிட்டுப் பாத்தா, ஓகேதான்."

சுந்தரேசன் செக் புத்தகத்தை எடுத்தபோது ஜெயலக்ஷ்மி ஃப்ளாஸ்க்கோடு வந்தாள். மாடி பால்கனியில் நிற்கவே பயப்படுகிறவள்; அவருக்காக நாளை பக்கத்தில் உட்கார்ந்து பறக்கப் போகிறாள். இவளுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று நினைத்துக்கொண்டார்.

"ஜெயா, நல்லா இருக்குன்னுட்டாங்க. உனக்குத்தான் நன்றி சொல்லணும். இனி மேல போறப்போ நமக்கு உன் விபூதிதான் துணை."

அவள் இரண்டு நெற்றிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விபூதியா? அந்தப் பொட்டலத்தை வீட்லயே மறந்துட்டேங்க. நான் குங்குமம் மட்டும்தான் வச்சேன்."