சுண்ணாம்பு வீட்டில் ஒரு நாள்

கட்டாத வீட்டில் ஆட்களைக் குடிவைத்து, எழும்பாத சுவரில் இடித்துக்கொண்டதற்காக அவர்களைத் திட்டும் ஒரே மனிதர் இந்தப் பூமியில் சுண்ணாம்பு அண்ணாச்சிதான். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

அண்ணாச்சி தூத்துக்குடியில் வீடு கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டர். பிளான் பாஸானதும் மற்றவர்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஜேசிபியைக் கூப்பிடுவார்கள். இவர் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியோடு வந்து இறங்குவார். காலி மனையில் வீட்டை முழு அளவில் கோடு கோடாக இழுப்பார். வாசல் வருகிற இடங்களில் மட்டும் கோட்டை விட்டுவிடுவார். அதன் பிறகு வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து, காலை முதல் மாலை வரை அந்தக் கோடுகளுக்குள் வாழ்ந்து காட்ட வேண்டும். சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளை பாடம் எழுத வேண்டும். சண்டை போடாமல் ஒரு நாளைக் கழித்த குடும்பத்தை மறுநாளும் வரச் சொல்லிவிடுவார். முதல் நாள் வந்தது நடிப்பாம்.

இத்தனையும் நடக்கும்போது அவர் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு, மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆறடி ஆள். ஒவ்வொரு வாசல் இடைவெளியிலும் குனிந்துதான் நுழைவார். மேலே காக்காய் தவிர எதுவும் இல்லையே, ஹெல்மெட் எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வாசலுக்கு மேல லிண்டல் இருக்குல்லா" என்றார். சிரிக்கவில்லை.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசினால் கோடெல்லாம் கலைந்து, பெட்ரூம் பக்கத்து மனைக்குப் போய்விடும். பொறுமையாக அதைத் திரும்பக் கூட்டி வருவார். ஒருமுறை சாகுபுரம் பக்கம் சுண்ணாம்பு தீர்ந்துபோக, அரிசி மாவில் மிச்சத்தை இழுத்திருக்கிறார். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் எறும்புகள் கக்கூஸையும் ஸ்டோர் ரூமையும் தின்று முடித்திருந்தன.

அவரைக் கிறுக்கன் என்றவர்களில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியும் உண்டு. இருபத்தெட்டு அடியில் ஹால் வேண்டும் என்று கேட்டவர். சுண்ணாம்பு ஹாலில் அந்தக் குடும்பம் ஒரு நாள் இருந்தது. மத்தியானம் அண்ணாச்சி டேப்பைப் பிடித்து, டிபன் கேரியரைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் அளந்தார்.

"ஏழு பேரும் ஏழடிக்குள்ள இருக்கிய. மிச்ச இருபத்தோரு அடியில யாரு குடியிருக்கப்போறா?"

முதலாளி கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து பாதி ஹால் போதும் என்றார். இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான் நானும், என் முறை வரும்வரை.

நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறவன். உப்பளங்களைத் தாண்டி ஒரு மனை வாங்கினோம். பிளானை நானே உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஆபீஸ் ரூம், பையனுக்குப் படிக்கிற ரூம், சாமிக்கு ஒரு ரூம், காருக்கு போர்டிகோ, வாஷிங் மெஷினுக்குக்கூட ஒரு மூலை. என் மனைவி செல்வியிடம் மூன்று தடவை மாற்றி மாற்றிக் காட்டினேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "ஒங்க இஷ்டம்."

கல்யாணமானவர்களுக்கு அதன் பொருள் தெரியும். பதினோரு மாதம் அந்த ஒரு சொல்லிலேயே வீடு நின்றது. வாடகை வீட்டை விட்டு வர அவளுக்கு மனமில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அவள் சம்மதமில்லாமல் வீட்டைக் கட்டிவிடலாம், அதில் குடியிருக்க முடியாதே. கடைசியில் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

கோடு போட்ட வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபோனோம். போன அரை மணி நேரத்தில் செல்போன் அடிக்க, சிக்னல் தேடி நாலு எட்டு வைத்தேன். "சார், ஆபீஸ் ரூம் சுவத்த இடிச்சிட்டுப் போறிய" என்று பக்கெட்டிலிருந்து குரல் வந்தது. திரும்பி வந்து வாசல் வழியாகப் போனேன். மக்ரூன் பொட்டலத்தோடு வந்த என் மச்சானைச் சமையலறைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, வீட்டை முழுக்கச் சுற்றவைத்து, முன்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார். செல்வி எதற்கும் சிரிக்கவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள்.

மூன்று மணிக்குப் பார்த்தால் ஆளைக் காணோம்.

சமையலறைக் கோட்டுக்கும் அப்பால், மனையின் கிழக்கு ஓரத்தில் ஒரு உடைமரம். அதன் நிழலில் வீட்டுக்கு முதுகைக் காட்டி, டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. எனக்குச் சுருக்கென்றது. அண்ணாச்சி பார்க்கிறாரே என்ற வெட்கம் வேறு.

"ஏளா, வீட்ட விட்டு வெளிய உக்காந்திருக்க? உள்ள வா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"உள்ள எனக்கு எங்கன எடம்?"

வீடே உனக்குத்தானே என்றேன். பதினெட்டு வருஷமாகச் சொல்லி வருகிற பதில்தான். அண்ணாச்சி எழுந்து வந்தார்.

"வீடு பூரா அவியளுக்குன்னா, வேலை பூரா அவியளுக்குன்னு அர்த்தம் சார். காலையில இருந்து பாக்கேன். அவிய உக்காந்தது இப்பதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாடகை வீட்டில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. தினமும் மூன்று மணிக்கு அவள் மேலே போவாள். காயப்போட்ட துணி எடுக்கப் போகிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். துணி எடுக்க டீ டம்ளர் எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவளுக்கு விட்டு வர மனமில்லாதது அந்த வீடல்ல, அந்தப் படிக்கட்டு ஜன்னல்.

அண்ணாச்சி என்னைக் கேட்கவில்லை. என் ஆபீஸ் ரூமின் நான்கு அடியைக் காலால் தேய்த்து அழித்தார். கிழக்கே கோட்டை நீட்டி, உடைமரத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். நாலுக்கு ஆறு. அவளைச் சுற்றி ஒரு கதவு, ஒரு ஜன்னல். அவள் எழுந்திருக்கவே இல்லை, அறை அவளிடம் வந்துவிட்டது.

"எம்மா, ஜன்னல் எம்புட்டு ஒசரத்துல வேணும்?"

செல்வி உட்கார்ந்தபடியே யோசித்து, தோளுக்குக் கீழே கையை நீட்டிக் காட்டினாள். அவர் டேப்பை எடுக்கவில்லை. ஒரு குச்சியை நட்டு, அவள் கை நின்ற இடத்தில் கத்தியால் கீறினார். அன்றுதான் அவர் தலையிலிருந்து ஹெல்மெட் இறங்கியதைப் பார்த்தேன். கோயிலில் நிற்கிறவர் மாதிரி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பதினெட்டு வருஷம் கூட இருந்து நான் பார்க்காததை ஒரு பக்கெட்டில் உட்கார்ந்து ஒரே பகலில் பார்த்த மனிதரைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. இன்னும் அந்த மலைப்பு போகவில்லை.

"இதுக்கு எப்ப வானம் தோண்டுவிய அண்ணாச்சி?" என்று செல்வி கேட்டாள். பதினோரு மாதத்தில் வீட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று அண்ணாச்சி வந்தார். ஏழடி வாசலில் குனிந்து நுழைந்தார். செல்வி அவரைத் தன் ஜன்னலோரம் உட்காரவைத்து டீ கொடுத்தாள். அங்கே இதுவரை அவள் உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

அதனால் எனக்கு வருத்தமில்லை. மூன்று மணிக்கு அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன். அவள் "வாங்க" என்கிற அன்று உள்ளே போவேன், ஆறடி ஆள் மாதிரி குனிந்து.