கிட்டமும் வெல்லமும் கலந்த பாலம்

கலவைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கொத்தனாரைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எதைக் கண்டாலும் "இதுல கொஞ்சம் அதைக் கலந்தா பிரமாதம்!" என்று கண்ணை மூடித் தலையாட்டுகிறாரே, அவர்தான்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் இவர்களுக்கு யோகம் அடித்தது. அரிசி இல்லையா, மரவள்ளியைக் கல. காப்பித்தூள் இல்லையா, வறுத்த சோளத்தைக் கல. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் இல்லையா, செம்பனை எண்ணெயைக் கல என்று நாடே இவர்கள் கையில் வந்து விழுந்தது. கோலா சாவா பக்கத்துத் ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கணேசமூர்த்திக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை. அடுத்த வீட்டு மங்கம்மாவின் குழம்புச் சட்டியைக்கூட எட்டிப் பார்த்து யோசனை சொல்வார். அவள் கரண்டியை ஓங்குவாள். இவர் அசருவாரா?

அப்படிப்பட்டவரிடம்தான் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு வந்து அழுதார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போகும் லாரி தோட்டத்துக்குள் வர, ஓடைமேல் பாலம் வேண்டுமாம். பாலம் இல்லையென்றால் முதல் ஆளாக மண்டோரே லாரியில் ஏற வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி சொல்லிவிட்டான். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. பாலம் இருந்தால் வேறு யாராவது ஏறுவார்கள். அதையெல்லாம் நினைக்கத் தங்கராஜுவுக்குத் தெம்பில்லை. இருந்த சிமெண்டோ பாதிப் பாலத்துக்குக் காணாது.

"கிட்டம் இருக்குலா!" என்று துள்ளினார் கிராணி. ஈயம் உருக்கும் உலையில் மிஞ்சிக் கல்லாக உறையும் கசடு அது. சிரம்பான் பாதையோரம் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. "மாவா இடிச்சு சிமெண்டோட கலந்தா, நாள்பட நாள்பட இறுகும் மண்டோரே. வெள்ளைக்கார இஞ்சினியர் சொல்லி என் காதாலேயே கேட்டேன்."

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது சரி. அரிசியைக் கண்டு நாளான உரல்களில் பெண்கள் கிட்டத்தை இடித்தார்கள், தும்மினார்கள், கிராணியின் பரம்பரையையும் சேர்த்து இடித்தார்கள். கலவை அழகாகத் திரண்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். கலவைக்காரர் எங்கே நிறுத்துவார்?

"ஊர்ல கோயில் மதிலெல்லாம் எப்படி நிக்குது? சுண்ணாம்புல வெல்லத் தண்ணி ஊத்தினதாலதானே!" சுண்ணாம்புக்கு உகந்தது சிமெண்டுக்கு ஆகாது என்று யார் எடுத்துச் சொல்ல? பெட்டியில் பூட்டி வைத்திருந்த மலாக்கா வெல்லம் முழுவதையும் கரைத்து ஊற்றினார். பிள்ளைகள் வாளியை நக்கினார்கள்.

பாலம் இறுகவில்லை. அல்வாவாகவே கிடந்தது. கட்டெறும்புகள் வரிசை கட்டி வந்தன. தங்கராஜு கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று, உயிர் வெளியே போயிற்று.

"பயப்படாதீங்க, சாயந்தரத்துக்குள்ள இறுகிரும்லா!"

லாரி முந்திக்கொண்டது. முன்சக்கரங்கள் அல்வாவில் இறங்கின, அடியில் கொடுத்த பலகை முறிந்தது, அச்சு ஒடிந்து லாரி ஓடையில் தலைகுப்புற நின்றது. குதித்திறங்கிய அதிகாரியின் கால்சட்டைக்குள் எறும்பு புகுந்தது. ஆடினான் பாருங்கள் ஓர் ஆட்டம்! தோட்டமே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

"யார் கலந்தது இதை?" என்று மலாயில் கத்தினான். தங்கராஜு கைகூப்பியபடி முன்னே நகர்ந்தார். கிராணிக்குப் பொறுக்கவில்லை. தன் கலவைக்கு இன்னொருவன் பெயரா?

"நான்தான் துவான், நானேதான்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினார். கன்னத்தில் விழுந்த அறையில் மூக்குக்கண்ணாடி ஓடைக்குப் போயிற்று.

லாரி கிடந்தது, அதிகாரி சொறிந்துகொண்டே நடந்து போனான். அன்று சயாமுக்கு ஒருவரும் போகவில்லை. அடுத்த லாரி வருமுன் புக்கிட் பெலண்டோக் காட்டோரம் போய் மரவள்ளி நட்டுப் பிழைப்பது என்று ஆண்கள் மூட்டை கட்டினார்கள். புறப்படும்போது தங்கராஜு கிராணியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"எங்களைக் காப்பாத்தத்தானே வெல்லத்தை ஊத்துனீங்க? நீங்க தெய்வம் கிராணியாரே!"

வீங்கிய கன்னத்தோடு கிராணி கோபித்துக்கொண்டார். "யாரு வேணும்னு செஞ்சா? கடுக்காய்த் தண்ணி சேர்க்காததுதான் தப்பு. அது மட்டும் இருந்திருந்தா லாரி பறந்திருக்கும்லா!"

தங்கராஜு அவர் வாயைப் பொத்தினார்.

சிரிக்கிறீர்களே, ஒன்று கேட்கலாமா? இதைப் படித்து வரும்போதே, 'வெல்லத்துக்குப் பதில் வேறு ஏதாவது கொஞ்சம் சேர்த்திருக்கலாமே' என்று மனசு ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் அடுத்த வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். மங்கம்மாக்கள் இன்னும் கரண்டியோடுதான் நிற்கிறார்கள்.