நாற்காலி தெரிந்த மாப்பிள்ளை

படம் பிடிக்கும் கலையில் எனக்குத் தெரியாதது ஏதுமில்லை என்று எங்கள் குடும்பம் அந்நாளில் நம்பியது. அந்த நம்பிக்கையை நீரூற்றி வளர்த்தவள் நானே. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சைகோனிலிருந்து திரும்பிய சித்தப்பா தமது கேமராவையும் ஒரு பிரெஞ்சுக் கையேட்டையும் எனக்குக் கொடுத்திருந்தார்.

கையேட்டில் என்னை மயக்கியது ஒரே அத்தியாயம். கேமராவின் கண்ணை உடனே மூடிவிடாமல் நெடுநேரம் திறந்தே வைத்தால், மங்கிய வெளிச்சமும் சிறுகச் சிறுகச் சேர்ந்து ஃபிலிமில் படமாகிவிடும். இருண்ட மண்டபத்தை எடுக்கலாம், சந்தடி மிகுந்த தெருவை ஆளரவமற்றதாகக் காட்டலாம், அலைகளைப் பனிப்படலமாக்கலாம். அசையாதது நிற்கும், அசைவது கரைந்துபோகும். (கடற்கரைச் சாலையில் நான் எடுத்த அலைகளைப் பார்த்த அம்மா, "இன்னாடி, கடல் கொதிக்குது?" என்றார்.)

அக்காவின் நிச்சயதார்த்தம் ஐப்பசி மழையில் வந்தது. பிற்பகலிலேயே கூடம் இருண்டுவிட்டது. ஃபிளாஷ் பல்பு வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரரை அழைக்கலாம் என்றார் அப்பா. நான் விடுவேனா? தட்டு மாற்றி முடிந்ததும் அக்காவையும் மாப்பிள்ளையையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்த்தி, கேமராவை மேசைமேல் நிறுத்தினேன்.

"நெ பூஜே பா!" என்று ஆணையிட்டேன். அசையாதீர்கள் என்று பொருள். (பிரெஞ்சில் சொன்னால் படம் கூடுதல் தெளிவாக விழும் என்பது என் எண்ணம்.) பின்னர் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளிலேயே கண்ணைப் பதித்து நின்றேன். எதிரே நடந்த எதையும் பார்க்கவில்லை.

ஸ்டுடியோவில் கழுவி வந்த படத்தின் உறையைப் பிரித்தும் பாராமல், சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அத்தனை தன்னம்பிக்கை! மறுநாளே மாப்பிள்ளையின் தாயார் மகனையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி இது? உங்க பொண்ணு செல மாதிரி இருக்குது. எம் புள்ள ஆவியா இருக்கறான்!"

உண்மைதான். அக்கா கல்லில் செதுக்கியதுபோல் அமர்ந்திருந்தாள். அருகில் புகைபோல ஒரு மாப்பிள்ளை. அவர் மார்பினூடே நாற்காலியின் பிரம்புப் பின்னல் துல்லியமாகத் தெரிந்தது.

"கெட்ட சகுனம். கல்யாணத்த நிறுத்திடலாம்" என்றார் அந்த அம்மாள்.

கதவுக்குப் பின்னால் அக்கா விசும்புவது கேட்டது. நான் படத்தை உற்றுப் பார்த்தேன். அந்தப் பின்னல் கண்ணை உறுத்தியது. ஆள் முழுநேரமும் அமர்ந்திருந்தால் அது தெரிய வழியில்லை.

"அத்தான், நடுவுல எழுந்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்தார். "எங்கம்மா பழத்தட்ட தனியா தூக்கினு வந்தாங்க. வாங்கி வெச்சிட்டு மறுபடி வந்து உக்காந்துட்டேன். நீ கடியாரத்தையே பாத்துக்கினு இருந்த."

பாதி நேரம் அவரையும் பாதி நேரம் வெறும் நாற்காலியையும் ஃபிலிம் ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கிக்கொண்டது என்று படபடவென விளக்கினேன். அவருடைய தாயார் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்ல தண்ணி மொண்டு குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டான் சம்பந்தி. அன்னிக்கி இருந்த சந்தடியில தட்ட யாரு வாங்கினாங்கன்னே நான் பாக்கல. எனக்காவ எழுந்தானா!" படத்தை முந்தானையால் துடைத்தார். "இத எங்க கூடத்துல மாட்டப் போறேன். ஏம்மா, ஒரு காப்பி கெடைக்குமா?"

அக்கா விசும்பலை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

இன்றும் அத்தான் ஏதேனும் வேலைக்கு எழ மறுத்தால், "தங்கச்சிய கேமராவ எடுத்தாரச் சொல்லட்டா?" என்கிறாள் அக்கா. சகுனத்துக்கு அஞ்சியவரும், அதைக் கேட்டுக் கலங்கிய அம்மாவும் அப்பாவும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அக்காவும் நானும் இருக்கிறோம், அத்தானும் இருக்கிறார்.