கல்யாண ஒயினும் பங்குனி ஆமையும்

ஒரு காட்டில் கல்யாணம் வந்தது. சிங்கராஜாவின் மகளுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டார் பட்டணத்து மிருகக்காட்சிசாலையில் வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் போய்க் கள் ஊற்றினால் நம் மானம் என்னாவது என்று ராணி கேட்டுவிட்டாள். ராஜாவோ கையை இறுக்கிப் பிடிக்கிறவர். "வெளிநாட்டு ஒயினாக இருக்க வேண்டும், விலையும் மலிவாக இருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டு, ருசி பார்த்துத் தேர்வு செய்ய ஒரு குழுவையும் அமைத்தார். நரி தலைவர். கரடியும் மயிலும் உறுப்பினர்கள். மூவரும் அதுவரை ஒயினைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் குழு என்று ஒன்று போட்டாகிவிட்டது.

யாருடைய சரக்கு தேறுகிறதோ, அவர் கேட்பதைத் தலைவரே ராஜமுத்திரை வைத்துக் கொடுத்துவிடலாம் என்றும் ஏற்பாடு.

இரண்டு பேர் வந்தார்கள். செங்கால் நாரை ஐரோப்பாவுக்குப் போய் வருகிறவர். போர்ச்சுகல், ஸ்பெயின் பாட்டில்களோடு வந்து இறங்கினார். பங்குனி ஆமை சிலியிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் கிழிந்த மீன்வலையில் பாட்டில்களைக் கட்டி, கடல் முழுக்க இழுத்துக்கொண்டு நீந்தி வந்திருந்தாள்.

நாரைக்கு வேண்டியது பெருமை மட்டும்தான். ஆமையின் விஷயம் வேறு. ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள மணல்மேட்டில்தான் அவள் பங்குனிதோறும் முட்டையிடுவாள். போன பங்குனியில் இட்டதில் ஒரு குஞ்சுகூடக் கடலுக்கு வந்து சேரவில்லை. அத்தனையையும் தோண்டித் தின்றவர் யார் என்று காட்டுக்கே தெரியும். அவர்தான் இப்போது குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தார். அந்த மேட்டுக்குக் காவல் கேட்கத்தான் பாவம் இவ்வளவு தூரம் நீந்தியிருந்தாள்.

நரிக்கும் அது புரிந்தது. "அக்கா, உங்களுக்குக் கடைசி டோக்கன்" என்றது.

"நான்தானுங்கய்யா முதல்ல வந்தேன்."

"வந்தீங்க. ஆனா டோக்கன் வாங்க நாரையார் பறந்து வந்துட்டாருல்ல? வரிசைன்னா வரிசைதான்."

மூக்குமுட்டக் குடித்த பிறகு ஆமையின் பாட்டிலை யார் தொடப்போகிறார்கள் என்பது நரியின் கணக்கு.

நாரை முதல் பாட்டிலைத் திறந்து மூங்கில் குவளையில் ஊற்றியது. "முதலில் குவளையை மெல்லச் சுழற்றுங்கள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். பிறகு துப்பிவிடுங்கள்."

குழு திடுக்கிட்டது.

"ஒரே குவளை. மூக்கை விட்டு, வாயை வச்சு எச்சில் பண்ணச் சொல்றீரா?" என்றது கரடி.

"ராஜா வீட்டுக் கல்யாணச் சரக்கைத் துப்பறதா? அபசகுனம்!" என்றது மயில்.

ஆகவே காட்டு வழக்கப்படி மூவரும் தலையை அண்ணாந்து, குவளையை உயரத் தூக்கி, மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டார்கள். ஒயின் நாக்கைத் தொடாமல் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. நாரை தலையில் இறக்கையை வைத்துக்கொண்டது.

ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே. "போர்ச்சுகல் வெள்ளை ஒயினில் சோடா கலந்திருக்கு" என்றது கரடி. மயில் ஒயினைப் பற்றிப் பேசவே இல்லை. பாட்டிலில் சேவல் படம் ஒட்டியிருந்தது அதற்குப் பொறுக்கவில்லை. ஸ்பெயின் சிவப்பு ஒயினில் செர்ரிப் பழமும் பதப்படுத்திய தோலும் மணக்கும் என்று நாரை விளக்கியது. "செர்ரி எனக்குத் தெரியாது. தோல் தெரியும். இதுல தோலே இல்லை" என்று நரி தள்ளிவிட்டது. தள்ளிவிட்டதே தவிர, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நாரை அடுத்தடுத்துத் திறக்க, அவர்களும் அடுத்தடுத்து அண்ணாந்தார்கள்.

ஆமை ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கரடி மயிலைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்ததும், இதுதான் நேரம் என்று நகர்ந்து வந்தாள்.

"சுழட்டணுமா?" என்று குழறியது நரி.

"அதெல்லாம் எதுக்குங்கய்யா? உங்க வழக்கப்படியே குடிங்க."

அந்த மரியாதையிலேயே பாதி வேலை முடிந்தது. கடல்நீரில் லேபிள்கள் எல்லாம் கரைந்து போயிருந்தன. சுத்தமான பாட்டிலில் மயிலுக்குத் தன் முகமே தெரிந்தது. "எவ்வளவு அழகான ஒயின்!" என்றது. சிலி ஒயினை ஊற்றிக்கொண்ட கரடி தேன் தேன் என்று உருகியது. அர்ஜென்டினா ஒயின் உள்ளே போனதும் நரி ஆமையின் ஓட்டைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதது.

"இதுதான்க்கா சரக்கு! எங்கம்மா ஞாபகம் வருது! உனக்கு என்ன வேணும், கேளு!"

"மணல்மேட்டுக்குக் காவல் வேணுங்கய்யா. நரிங்க வரக்கூடாது."

"நரியா? எந்த நரி? அவன் காலை ஒடிச்சிடறேன்!" என்று கத்திய நரி, முத்திரையை எடுத்துக் குத்தியது. கரடியைக் காவலுக்குப் போட்டதும் நரியேதான்.

நாரை கோபித்துக்கொண்டு பறந்து போயிற்று. மறுநாள் தலைவலியோடு விழித்த நரி, பசியில் மணல்மேட்டுக்குப் போனது. கரடி கட்டையோடு நின்றது. அது நீட்டிய உத்தரவில் நரி தன் கையால் வைத்த முத்திரை இருந்தது. கரடிக்கு அப்பால் ஆமை நிம்மதியாகக் குழி தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தாள்.

நரி எல்லைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. மனசு கேட்காமல் கேட்டது: "அக்கா, உண்மையைச் சொல்லு. நாரையோடதைவிட உன் ஒயின் நல்ல ஒயினா?"

ஆமை மணலைத் தள்ளி முட்டைகளை மூடினாள். "எனக்கெப்படிங்கய்யா தெரியும்? நான் குடிக்கிறதில்லையே."

நீதி: நடுவர்கள் துப்பாமல் விழுங்குகிற போட்டியில் கடைசி ஆளாகப் போய் நில்லுங்கள்.