கல்லறை சொல்தாவும் மூணு வீரனும்

நித்யா, கார்த்தி, கேளுங்கள். இந்தப் புதுச்சேரியில் செத்துப்போனவர்களை அவரைப்போல் தொந்தரவு செய்த மனிதர் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் என் ஆட்டோவில் ஏற்றுவதாக இல்லை.

பின் சீட்டில் ஒரு பொசுங்கிய ஓட்டை இருக்கிறதே, ஏன்பா தைக்கலை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அது அவருடைய சுருட்டு போட்ட ஓட்டை. ஊரில் அவர் பேர் கல்லறை சொல்தா. சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். இவர் அங்கே சமையல்காரர். துப்பாக்கியைவிடக் கரண்டி பிடித்ததுதான் அதிகம். ஆனால் நடையும் மீசையும் பார்த்தால் பாதி உலகத்தைப் பிடித்துக் கொடுத்தவர் மாதிரி இருக்கும். தலையில் ஒரு பக்கம் சாய்ந்த கறுப்புத் தொப்பி, கையில் நீளமான ரொட்டி, வாயில் சுருட்டு. வாயில் சுருட்டோடு அவர் பேசுவது மழையில் நனைந்த ரேடியோ மாதிரி கேட்கும்.

முதல் நாள் ஸ்டாண்டில் வந்து ஏறினார். கல்லறைக்குப் போ என்றார்.

"எந்தக் கல்லறைங்கய்யா?"

"எல்லாக் கல்லறையும்."

நான் இறங்கிப் போய் வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். அவர் பிரான்சில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு மதாம், அதாவது ஒரு வெள்ளைக்கார அம்மா, இருந்தார். அந்த அம்மாவின் அப்பா, இரண்டாவது உலகப் போரில் விமானத்தில் போனவர். விமானத்தில் மூன்று பேர். நம் ஊருக்கு வடக்கே கடலில் விழுந்துவிட்டது. அதோடு சரி, எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்றே ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது மதாம் தாயின் வயிற்றில். பக்கத்து வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர் என்று தெரிந்ததும் அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். இவரும் நெஞ்சை நிமிர்த்தி, நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்கு கொடுத்துவிட்டார். புதுச்சேரி சின்ன ஊர், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதாமிடமிருந்து போன் வரும். வாரம் முழுக்க ஊரையே அதட்டுகிற மனிதர், அந்தப் போனை எடுத்தால் மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிடுவார். கிடைத்தாரா என்று ஒரே கேள்விதானாம். இல்லை என்று சொல்லிவிட்டு அன்றைக்கு ரொட்டிகூடத் தின்ன மாட்டார். மதாமுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, உடம்பும் சரியில்லை.

அதனால் வேகம். அந்த வேகத்தில் நாங்கள் செய்த கூத்துகளை என்ன சொல்ல.

உழவர்கரைப் பக்கம் ஒரு கல்லறையில் இரண்டு இறக்கை செதுக்கின கல் ஒன்று கிடைத்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. விமானப்படை இறக்கை என்று குதித்தார். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். என்னையும் அடிக்கச் சொன்னார். நான் அடித்தேன்.

"இன்னாடா இது, றெக்க ஒடிஞ்ச கோழி மாதிரி. முழங்கைய தூக்கு, ஷொஃபேர்."

ஷொஃபேர் என்றால் பிரெஞ்சில் டிரைவர். நான் முழங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. பூவும் மெழுகுவத்தியுமாக ஒரு குடும்பமே இறங்கியது. அது அவர்கள் தாத்தாவின் கல்லறை. தாத்தா பேக்கரி வைத்திருந்தவர். இறக்கை சம்மனசுடையது, தேவதூதருடையது. சொல்தா சல்யூட்டைக் கீழே இறக்கவில்லை, இறக்கினால் மானம் போய்விடும் அல்லவா. தாத்தாவின் பழைய சிநேகிதர் என்று நினைத்து அவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு இழுத்துப்போய் பிரியாணி போட்டார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்த நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லறைக்கு ஆஜராகிவிடுவார். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பார்.

இன்னொரு தடவை மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் விமானச் சக்கரம் கிடக்கிறது என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். போய்ப் பார்த்ததும் அதைத் தடவித் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சக்கரத்தைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அவர் என் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, ஊர்வலம் மாதிரி வந்தோம். சிக்னலில் ஒரு கரும்புச்சாறு வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னாண்டயும் இதே சக்கரம்தாங்க. இன்னா கம்பெனி மெஷினு வாங்கனீங்க?" என்று கேட்டார். சொல்தா வீடு வரைக்கும் தொப்பியை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு வந்தார்.

கடற்கரைக் குப்பங்களையும் விடவில்லை. வடக்கே ஒரு குப்பத்துக்கு அடிக்கடி போவோம். மீன் விற்கிற பூங்காவனம் அக்காவிடம், வலை பின்னுகிறவர்களிடம், எல்லாரிடமும் ஒரே கேள்வி: இங்கே வெள்ளைக்காரன் கல்லறை இருக்கிறதா? இல்லவே இல்லை என்பார்கள். சரி என்று கரையோரம் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கே மூணு வீரன் என்று ஒரு சாமி. மஞ்சள் பூசின மூன்று கல், முன்னால் படையல் வைக்க ஒரு நெளிந்த தகடு. சொல்தா அந்தத் தகட்டில் ரொட்டியை வைத்து, மீன் டின்னைத் திறந்து, மேஜை மாதிரி வசதியாகச் சாப்பிடுவார். பூஜை பார்க்கிற பூங்காவனம் அக்கா ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வரும்.

"யோவ் சொல்தா, நீ மட்டும் துன்றியே. சாமிக்கு ரொட்டி வெச்சியா? ஒரு சுருட்டு கொளுத்தி வெச்சியா?"

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். உங்க சாமி கத எனக்கு எதுக்கு?" என்பார். ஆனால் பயந்துகொண்டு ஒரு துண்டு ரொட்டி வைத்துவிடுவார்.

அப்புறம் கடல் ஏறியது. கருங்கல் கொட்டியும் நிற்கவில்லை. வேப்பமரத்தின் வேர் வெளியே தெரிந்தது. இனி தாங்காது, சாமியை உள்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று குப்பத்தார் முடிவு செய்தார்கள். அதற்குப் பிடிமண் எடுப்பது என்று பேர். சாமி இருந்த இடத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் எங்கேயும் கீழே வைக்காமல் கொண்டுபோய்ப் புது இடத்தில் போட வேண்டும். எடுப்பதற்கு முன்னால், இது யார் சாமி, எப்படி வந்தது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

நாங்களும் போயிருந்தோம். பொங்கல் கிடைக்கும் என்று சொல்தா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூங்காவனம் அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, கடலைப் பார்த்து நின்று சொல்லத் தொடங்கியது. சண்டைக் காலத்தில் வானத்திலிருந்து நெருப்போடு விழுந்த மூணு பேர். எங்கள் தாத்தன் வலையில் ஏறி வந்த மூணு பேர். போலீசு வந்தால் கடலுக்குப் போக விடமாட்டான் என்று வெளியே சொல்லாமல் இந்த மணலில் படுக்க வைத்த மூணு பேர். மறு நாளே பாடு கொழிக்க மீன் கொடுத்த மூணு வீரன்.

சொல்தா கையிலிருந்த தொன்னை கீழே விழுந்தது. எழுந்து நின்றார். மீசை ஆடியது.

"எத்தினி வருசமா கேக்கறேன், ஏன் சொல்லல?"

பூங்காவனம் அக்கா திரும்பிப் பார்த்தது. "நீ செத்தவங்கள கேட்ட, இல்லன்னோம். சாமிய கேட்டியா நீ?"

சொல்தா குனிந்து அந்தத் தகட்டைத் தூக்கி, மஞ்சளைத் துண்டால் துடைத்தார். ஓரம் முழுக்க வரிசையாக ஆணி அடித்த அலுமினியம். என்னைப் பார்த்தார்.

"ஷொஃபேர், இத்தினி நாளா நாம ஏரோப்ளேன் மேல வெச்சிதான்டா துன்னிருக்கோம்."

சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் போனைப் போட்டார். அவர் பேசின பிரெஞ்சில் எனக்குப் புரிந்தது பப்பா என்கிற ஒரு வார்த்தைதான். அவர் மெல்லப் போனைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தார். குப்பமே அலையை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது.

அப்புறம் தொப்பியைக் கழற்றி, பூங்காவனம் அக்காவிடம் கையேந்தினார். இதில் ஒருத்தருடைய மகள் மதாமுக்கும் ஒரு பிடி வேண்டும் என்றார். பெரியவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிடிமண்ணை வெளியாருக்குக் கொடுக்கிற வழக்கமே கிடையாது.

"பொண்ணுக்கு அப்பன் மண்ண தராம வேற யாருக்கு தர்றது? புடி," என்றது அக்கா.

எந்தக் கல் அவங்க அப்பா என்று தெரியாதே என்று சொல்தா தயங்கினார். மூணுத்திலயும் எடுத்துக்கோ, மூணு பேரும் அவளுக்கு அப்பன்தான் என்று சொல்லி, அக்காவே தொப்பியில் அள்ளிப் போட்டது.

பிரான்சுக்குப் போகிற அவருடைய தங்கை மகனிடம் அந்த மண்ணை இட்லிப் பொடி டப்பாவில் போட்டு அனுப்பினோம். அங்கே விமான நிலையத்தில் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இதையா தின்கிறீர்கள் என்று கேட்டார்களாம். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். மதாம் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது, ஆனால் கேள்வி மாறிவிட்டது. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாராம். ரொட்டி வைத்தாயிற்று, சுருட்டும் கொளுத்தியாயிற்று என்று நம்ம ஆள் விறைப்பாகப் பதில் சொல்வார்.

அடுத்த மழைக்கு வேப்பமரமும் பழைய இடமும் கடலுக்குள் போய்விட்டன. அதற்கப்புறம் வந்த கோடையில் சொல்தாவும் போய்விட்டார். உப்பளம் கல்லறையில் அடக்கம். பேக்கரிக்காரர் குடும்பம் மொத்தமும் வேனில் வந்து அழுதது.

உங்களிடம் சொல்லாத ஒன்று. எல்லாரும் போன பிறகு, அந்தப் புது மண்ணிலிருந்து நான் ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டேன். அதைச் சீட்டில் வைக்காமல், ஒரு கையில் பிடித்தபடியே வடக்கே குப்பத்துக்கு ஓட்டினேன். புது இடத்து மூணு வீரன் பக்கத்தில் மண்ணைப் போட்டு, நாலாவதாக ஒரு கல்லை நட்டேன். ரொட்டி வைத்தேன். எனக்குப் பழக்கமில்லாத சுருட்டைக் கொளுத்தி, இருமி, வைத்தேன். பிறகு ஒரு சல்யூட் அடித்தேன். முழங்கை தொங்கிப்போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர் திட்டுவார். திட்டட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.