ஒரு சேனலுக்கு நாலு நம்பர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். என்னிடம் பேசி ஒன்பது நாள் ஆகிவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறாள். இன்றைய சீட்டில் ‘பல்வலி மாத்திரை தீர்ந்தது’ என்று இருக்கிறது. யாருடைய பல் என்று இல்லை. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீங்கள் மட்டும் சற்றுக் குறைவான சௌக்கியத்தோடு இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஏனென்றால் இந்த வீட்டு அமைதிக்குக் காரணம் நீங்கள் மென்பொருள் எழுதி, நீங்களே கொண்டுவந்து டிவியில் மாட்டிய சேனல் பெட்டி.

அறுபத்தோரு வயதில் நீச்சல் கற்று, முதியோர் போட்டியில் இரண்டாவதாக வந்த உங்கள் அத்தையைப் புதுவாசல் சேனல்காரர்கள் பேட்டி எடுத்தது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் அந்தப் பேட்டியை அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒளிபரப்பு. அதே நேரத்தில் அவளுக்கு நீச்சல் வகுப்பு. “வகுப்பை விடமாட்டேன். பதிவு பண்ணி வைங்க. நான் இல்லாம நீங்க பாக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் முந்தின நாளே பதிவுக்குப் புதுவாசலின் நம்பர் 214 என்று குத்தி வைத்துவிட்டு, டிவி மேல் துண்டு போட்டு மூடிக் காவல் இருந்தேன். ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். போட்டேன். ஒரு மனிதர் மெத்தை விற்றார். அரை மணி நேரம் படுத்துக் காட்டினார், குதித்துக் காட்டினார், மெத்தையின் வயிற்றைக் கிழித்துக்கூடக் காட்டினார். உங்கள் அத்தையை மட்டும் காட்டவில்லை. “ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல முப்பத்தோரு வருஷம் ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்ததில்லைன்னு பீத்திக்குவீங்க. ஊரார் பித்தப்பையெல்லாம் பத்திரமா வெச்சிருந்தீங்க. கட்டினவளைத்தான் தொலைச்சிட்டீங்க” என்றாள். நான் கடைசியாகக் கேட்ட அவள் குரல் அதுதான்.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். “அப்டேட்ல வரிசை மாறியிருக்கும் மாமா, தப்பு எங்க மேலதான்” என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் வீட்டில் பதிவான பிரதியைக் கேட்டேன். “அத்தை பிரமாதமா பேசினாங்க, ஆனா பெட்டி அழிச்சிடுச்சு” என்றீர்கள். போகட்டும், புதன்கிழமை மறுஒளிபரப்பு இருக்கிறதே என்று இந்தமுறை நம்பரை நம்பாமல் பெயரைத் தேடினேன். புதுவாசல் என்ற பெயரில் நாலு சேனல்! முதலாவதைத் திறந்தேன். வண்ண வண்ணக் கோடுகள், கூடவே ‘ஊ’ என்று ஒரு சத்தம். ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று நாற்பது நிமிடம் காத்திருந்தோம். சோதனைக்காக வைத்த சேனலாம் அது. உங்கள் அத்தை கண் இமைக்காமல் கோடுகளைப் பார்த்தாள்.

மறுபடியும் உங்களிடம் வந்தேன். “ரிமோட் நம்பர்ங்கறது வரிசைல நிக்கற இடம் மாமா, இன்னிக்கு முன்னால, நாளைக்குப் பின்னால. பேரை யாரு வேணா வெச்சுக்கலாம். சேனலை அடையாளம் காட்டறது உள்ள இருக்கற நம்பருங்கதான். எந்த நெட்வொர்க், அதுல எந்தத் தொகுப்பு, தொகுப்புல எத்தனாவது சேனல்” என்று பாடம் எடுத்தீர்கள். இது எனக்கா தெரியாது? ஒரே பெயரில் பதினேழு நோயாளிகள் இருந்தார்கள் எங்களிடம். அதில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் ஒரே ஆபரேஷன். வருடம், வார்டு, வரிசை எண் மூன்றையும் பார்க்காமல் ஃபைலைத் தொட்டதில்லை நான். அந்தத் தெம்போடு நீங்கள் சொன்ன மூன்று எண்களையும் சனிக்கிழமை மறுஒளிபரப்புக்கு உள்ளே போட்டேன். தெரியாத மொழியில் ஒருவர் படகில் மீன் பிடித்தார். முந்தின நிகழ்ச்சி நீண்டுவிட்டது போல என்று அரை மணி நேரம் பார்த்தோம். அவர் இரண்டு மீன் பிடித்தார். கடைசி மறுஒளிபரப்பும் போயிற்று.

ராத்திரி பெட்டியின் விவரப் பக்கங்களைக் குடைந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதே மூன்று எண்கள் இன்னொரு சாட்டிலைட்டிலும் இருக்கின்றன. எந்த சாட்டிலைட் என்ற நாலாவதைச் சேர்த்தால்தான் சேனல் ஒன்றே ஒன்றாகும். அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? அதைவிடப் பெரிய கேள்வி, நாலும் தெரிந்த உங்கள் பெட்டி, பதிவு செய்யும்போது வெறும் 214-ஐ மட்டும் ஏன் நினைவில் வைக்கிறது? எங்கள் ஆபீசில் இப்படி ஒருத்தன் ஃபைல் வைத்திருந்தால் ஆளுக்கு ஒரு கால் மாறியிருக்கும். உடனே திருத்துங்கள். அதோடு சேனல்காரர்களிடம் பேசி ஒரு பிரதி வாங்கித் தாருங்கள். எனக்கு என் பெண்டாட்டி பேச வேண்டும், டிவியிலாவது.

மகளுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் சேரட்டும். உங்கள் கம்பெனிக்குப் புத்தியும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கோபமே இல்லையாம். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் என்றுதான் ஒன்பது நாள் மௌனமாம். ஞாயிறு காலை நான் குளிக்கும்போது புதுவாசலை நகர்த்திவிட்டு 214-ல் மெத்தைக்காரரை வைத்தது அவள். மூன்று எண்ணோடு நிறுத்தச் சொன்னதும் அவள், நிறுத்தியது நீங்கள். “புதன்கிழமை கோடு மட்டும் நீங்களா சொந்தமா பண்ணினது” என்கிறாள். எதற்கு இத்தனை பாடு என்றேன். இந்த வயதில் ஏன் நீச்சல் என்று பேட்டியில் கேட்டார்களாம். இவள் சொன்ன பதில்: “எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணின்னா பயம், முட்டிக்கு மேல இறங்க மாட்டார். என்னிக்காவது தவறி விழுந்துட்டார்னா, குதிக்க ஒரு ஆள் வேணும்ல?” ஊரே கேட்டதை நான் கேட்டால் மனசு நோகும் என்று மறைத்திருக்கிறாள். நோகவில்லை, மாப்பிள்ளை. பெட்டியில் திருத்தம் எதுவும் வேண்டாம். நாளைக் காலை அவளோடு நீச்சல் குளத்துக்குப் போகிறேன். முட்டி வரைக்கும்தான்.